அருவிக்கு எதிரே ஒரு பாலம்

விக்டோரியா அருவிப் பாலம் தென்மத்திய ஆப்பிரிக்காவில் சாம்பியாவையும் ஜிம்பாப்வேயையும் இணைக்கிறது. சாம்பசி ஆறு அருவியாக விழுந்து, குறுகிய பாறை இடுக்குக்குள் புகுந்து திரும்பும் இடத்தில், வறட்சிக்கால நீர்மட்டத்துக்கு 128 மீட்டர் மேலே நிற்கிறது இந்த எஃகுப் பாலம். மொத்த நீளம் 198 மீட்டர். அதில் நடு வளைவு மட்டும் 156.5 மீட்டர். பாலத்தின் முதுகில் ஒரு ரயில் பாதை, ஒரே வண்டி போகும் அளவுக்கு ஒரு சாலை, ஓரத்தில் நடைபாதை. 1905இல் திறந்த நாளிலிருந்து நிலக்கரி வண்டிகளும், செம்புப் பாளங்களும், உலகெங்கிலுமிருந்து வந்த உல்லாசப் பயணிகளும் ஒரே தளத்தில்தான் போய்வந்திருக்கிறார்கள். எந்தப் பாலத்தையும் கடக்கவே கட்டுவார்கள். வேடிக்கை பார்க்க ஆட்கள் பின்னால் வந்து சேர்வார்கள். இங்கே கடப்பதும் பார்ப்பதும் வரைபடம் போட்ட நாளிலிருந்தே சேர்ந்தே இருந்தன. அடுத்த நூறாண்டில் இந்தப் பாலத்துக்கு நேர்ந்த பலவற்றுக்கும் அந்தச் சேர்க்கையே காரணம்.

பாலத்தைப் புரிந்துகொள்ள முதலில் பாறையைப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி முழுவதும் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பசால்ட் பாறை. அது ஆறும்போது குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. அந்த வெடிப்புகளில் மென்மையான படிவுகள் நிரம்பின. ஆறு அந்த மெல்லிய இடங்களைத் தேடித் தேடி அரித்தது. ஒரு வெடிப்பு முழுவதும் அரித்து ஆழமானதும் ஆறு அதற்குள் குப்புற விழுந்தது. பிறகு மேலே இருந்த அடுத்த வெடிப்பை அரிக்கத் தொடங்கியது. இப்படி அருவி படிப்படியாகப் பின்வாங்கியதன் தடம்தான் கீழே இருக்கும் கோணல்மாணலான இடுக்குகள். இன்று அருவி விழுவது முதல் இடுக்கில். 1,708 மீட்டர் அகலத்தில், 108 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அத்தனை தண்ணீரும் நூறு மீட்டரைச் சற்றே தாண்டும் ஒரு வாயில் வழியாகத்தான் வெளியேற முடியும். வெளியேறியதும் 'கொதிகலம்' என்று பெயர் பெற்ற சுழியில் சுற்றி, சட்டென்று முடக்கில் திரும்பி இரண்டாம் இடுக்கில் ஓடுகிறது. பாலம் நிற்பது இந்த இரண்டாம் இடுக்கின் மேல். ஏதோ ஒரு பழங்காலத்தில் அருவியே விழுந்துகொண்டிருந்த இடம் அது.

பாலம் வருவதற்கு முன் அந்த வட்டாரத்து மக்கள் இடுக்கைக் கடக்க நினைத்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அருவிக்கு மேலே ஆறு அகலமாகவும் ஓரளவு அமைதியாகவும் ஓடுகிறது. லேயா, டோங்கா, லோசி மக்கள் மரத்தைக் குடைந்த ஓடங்களில் அங்கேதான் கடந்தார்கள். வடகரையில் முகுனி என்ற பட்டத்தோடு ஆண்ட லேயா தலைவர்களின் ஊர் இன்றும் இருக்கிறது. அருவிக்கு உள்ளூரில் மோசி-ஓ-துன்யா, 'முழங்கும் புகை', என்று பெயர். 1855 நவம்பரில் கொலோலோ ஓடக்காரர்கள் டேவிட் லிவிங்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரை அருவியின் விளிம்பில் உள்ள தீவுக்குக் கூட்டிச்சென்று காட்டினார்கள். அவர் தம் நாட்டு ராணியின் பெயரை அதற்கு வைத்தார். அவர் எழுதிய பிறகு வேட்டைக்காரர்களும் வியாபாரிகளும் மாட்டுவண்டி பூட்டி வரத் தொடங்கினார்கள். 1890களின் இறுதியில் அருவிக்குச் சில கிலோமீட்டர் மேலே, ஆறு குறுகும் துறையில், ஓல்ட் டிரிஃப்ட் என்ற சிறு ஐரோப்பியக் குடியிருப்பு உண்டானது. சதுப்பு நிலம், கொசுக்கூட்டம். மலேரியாவும் கருநீர்க் காய்ச்சலும் ஆண்டுதோறும் அங்கிருந்தவர்களை வாரிக்கொண்டு போயின. அந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு கல்லறைத் தோட்டம்தான்.

ரயில் அந்தப் பக்கம் வந்ததற்குப் பேராசையும் நிலக்கரியும் காரணம். சிசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென் ஆப்பிரிக்கக் கம்பெனி சாம்பசியின் இரு கரையையும் அப்போது தன் கையில் வைத்திருந்தது. தெற்கே கேப் டவுனிலிருந்து வடக்கே கெய்ரோ வரை பிரிட்டிஷ் கொடியின் கீழே ஒரே தண்டவாளம் என்பது ரோட்ஸின் கனவு. 1897இல் புலவாயோ வரை பாதை வந்துவிட்டது. அங்கிருந்து வடகிழக்காகச் சென்று சாம்பசியை வெகு கீழே கடப்பதுதான் முதலில் போட்ட திட்டம். ஆனால் வடமேற்கே வான்கியில் நல்ல நிலக்கரி கிடைத்தது. எஞ்சினுக்குத் தீனி அங்கே இருக்கும்போது பாதை வேறு பக்கம் போகுமா? 1903இல் தண்டவாளம் வான்கியைத் தொட்டது. 1904 ஏப்ரலில் அருவிக்கு வந்துசேர்ந்தது.

அருவியின் சாரல் ரயில் பெட்டிகளின் மேல் விழும்படி பாலம் அமைய வேண்டும் என்று ரோட்ஸ் விரும்பியதாக ஒரு செய்தி உண்டு. பாலத்தைப் பற்றி எழுதும் யாரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. அவர் அருவியை ஒருமுறைகூட நேரில் பார்த்தவரல்ல. 1902 மார்ச்சில், பாலத்துக்கு அடித்தளம் தோண்டும் முன்பே இறந்துபோனார். அவரது விருப்பம் இடத்தேர்வில் எடுபட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெறும் கனவுக்காக எந்தப் பொறியாளரும் பாறையில் துளை போடமாட்டார். மேலே ஆறு ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம். அங்கே கட்டினால் தண்ணீருக்குள் தூண் தூணாக இறக்க வேண்டும். வெள்ளம் வேறு வரும். இடுக்கிலோ இருபுறமும் கெட்டியான பாறைச் சுவர். ஒரே தாவலில் கடந்துவிடலாம். சாரல், சிக்கனம் இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டியது ரோட்ஸின் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. இயற்கையின் இந்த அதிசயத்துக்கு எதிரே இரும்பைக் கொண்டுவந்து நிறுத்துவது அழகைக் குலைக்கும் என்று அன்றே முணுமுணுத்தவர்கள் உண்டு.

வடிவமைப்பு லண்டனில் சர் டக்ளஸ் ஃபாக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜார்ஜ் ஆண்ட்ரூ ஹாப்சனுடையது. தொங்கு பாலம் ரயிலின் எடையில் ஊசலாடும். நேர் உத்தரப் பாலத்துக்கு நடுவில் தாங்கல் வேண்டும். அடியிலிருந்து சாரம் கட்ட வழியே இல்லாத பள்ளம் அது. இரு கரையிலிருந்தும் கையை நீட்டுவதுபோல் வளர்ந்து நடுவில் கைகோக்கும் வளைவே அங்கே பொருந்தும் என்று ஹாப்சன் முடிவு செய்தார். வளைவின் இரு பக்கச் சட்டங்களும் அடியில் அகன்றும் மேலே நெருங்கியும் சாய்ந்து நிற்கின்றன. காலை அகட்டி நிற்பதால் இடுக்கில் வீசும் காற்று அதை அசைக்க முடியாது. வளைவின் பாதங்கள் பாறையில் இறுக்கிக் கட்டப்படவில்லை. பெரிய எஃகு அச்சுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் எஃகு நீளும்போது வளைவின் உச்சி சற்று உயரும்; இரவில் தாழும். பாறைக்கு அதனால் நெருக்கடி இல்லை.

கட்டும் ஒப்பந்தம் இங்கிலாந்தின் டார்லிங்டனில் இருந்த கிளீவ்லாண்ட் பாலக் கம்பெனிக்குக் கிடைத்தது. தொகை 72,000 பவுன். சுமார் 1,500 டன் எஃகை அங்கேயே வெட்டித் துளைபோட்டு, தொழிற்சாலை முற்றத்தில் பகுதி பகுதியாகப் பொருத்திச் சரிபார்த்து, மறுபடி கழற்றி எண் போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். பெய்ரா துறைமுகத்தில் இறங்கிய சுமை ரயிலில் ஏறி அருவிக்கு வந்தது. ஒரு துண்டு அளவு பிசகியிருந்தாலும் மாற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தளத்தில் பொறுப்பு ஜார்ஜ் இம்போ என்ற இளம் பிரெஞ்சுப் பொறியாளருடையது. அவரோடு முப்பது பேருக்கும் குறைவான ஐரோப்பியர்கள். இருநூறு பேர் அளவில் ஆப்பிரிக்கத் தொழிலாளிகள். முதல் கூட்டத்தாரின் பெயர்கள் அறிக்கைகளில் இருக்கின்றன. பாறையை உடைத்து, மண் சுமந்து, வடம் இழுத்தவர்கள் அறிக்கையில் தொகையாக மட்டுமே வருகிறார்கள்.

தண்டவாளம் வந்து நின்றது தென்கரையில். வடகரைக்கு ஆளும் பொருளும் போக வேண்டுமானால் ஓல்ட் டிரிஃப்ட் வரை சுற்றி, ஓடத்தில் கடந்து, மறுபடி இறங்கி வர வேண்டும். கண்ணெதிரே கூப்பிடு தூரத்தில் இருக்கும் கரைக்குப் போக ஒரு பகல் ஆகும். முதல் வேலையாக ஒரு ராக்கெட்டில் மெல்லிய கயிற்றைக் கட்டி இடுக்கைத் தாண்டி எய்தார்கள். கயிற்றின் நுனியில் அதைவிடத் தடித்த கயிறு, அதன் நுனியில் கம்பி, கம்பியின் நுனியில் எஃகு வடம் என்று ஒன்றை ஒன்று இழுத்துக் கடந்தது. வடத்தில் தொங்கவிட்ட பலகை இருக்கையில் உட்கார்ந்து முதலில் அக்கரை சேர்ந்தவர் சார்லஸ் பெரஸ்ஃபோர்டு ஃபாக்ஸ் என்ற பொறியாளர். பிறகு அந்த வழியில் மின்விசையில் ஓடும் ஒரு தொங்குவண்டி வந்தது. நயாகராவின் மேல் கயிற்றில் நடந்து பேர்பெற்ற பிளான்டினின் பெயரைத் தொழிலாளர்கள் அதற்கு வைத்தார்கள். ஒரே தடவையில் சுமார் 10 டன் தூக்கும் வண்டி அது. ஓட்டுகிறவரும் சுமையோடு சுமையாக அந்தரத்தில் போய்வந்தார். வட பாதிப் பாலத்துக்கான எஃகு மட்டுமல்லாமல், அக்கரையிலிருந்து வடக்கே பாதை போடத் தண்டவாளங்களும், கழற்றிய எஞ்சின் பாகங்களும், ரயில் பெட்டிகளும் அதிலேயே போயின. பாலம் முடியும் முன்பே வடகரையில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது.

இரு கரையிலும் பாறையைச் செதுக்கி, வளைவின் பாதங்களுக்குக் கான்கிரீட் கடைக்கால் போட்டார்கள். அதன் மேல் வளைவு ஒவ்வொரு கட்டமாக அந்தரத்தில் நீண்டது. நடுவில் சேரும் வரை ஒவ்வொரு பாதியும் தன் எடையால் பள்ளத்தில் கவிழப் பார்க்கும். அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்க, கரைப் பாறையில் செங்குத்தாகக் குழிகள் தோண்டி, அடியில் சுரங்கம் வைத்து இணைத்து, அதற்குள் எஃகு வடங்களை நுழைத்து வளைவின் தலையோடு கட்டினார்கள். வளைவு நீள நீள, பிடித்திழுக்கும் பாறையின் கனமே அதற்கு எதிர்ப்பாரம். அடியில் ஒரு வலையும் விரித்திருந்தார்கள். அது கண்ணில் படப் படத்தான் விழுந்துவிடுவோமோ என்ற எண்ணம் வருகிறது என்று வேலையாட்கள் முறையிட்டதால் அதைக் கழற்றிவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

1905 மார்ச் கடைசி நாள் மாலையில், இரு பாதிகளையும் இணைக்கும் கடைசி உத்தரத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். இறங்கவில்லை. ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக இருந்தது. கணக்கில் தவறா, டார்லிங்டனில் தவறா என்று தேட வேண்டியிருக்கவில்லை. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த எஃகு நீண்டிருந்தது, அவ்வளவுதான். அன்று இரவு எல்லாவற்றையும் அப்படியே விட்டார்கள். மறுநாள், ஏப்ரல் 1, விடியற்காலையில் சாரலிலும் பனிக்குளிரிலும் எஃகு சுருங்கியிருந்தது. உத்தரம் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. வெயில் ஏறுவதற்குள் போல்ட்டுகளை முறுக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு தொழிற்சாலை முற்றத்தில் எடுத்த அளவு அந்தரத்தில் பொருந்திய அந்தக் காலைநேரம், பாலத்தின் கதையில் பொறியாளர்கள் அலுக்காமல் சொல்லும் பகுதி.

முகுனி தலைவர் தினமும் கரையில் வந்து உட்கார்ந்து, இந்த மெல்லிய இரும்புக்கூடு எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், ரயில் ஏறியும் அது விழாததைக் கண்டு, வெள்ளைக்காரரின் தெய்வம் விரலால் தாங்கிப் பிடித்திருப்பதாக நம்பினார் என்றும் ஒரு கதை உலவியது. சொன்னவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்கள். குடியேற்ற நாட்டில் எழுந்த ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் இப்படி ஒரு கதை இருப்பதால், லேயா மக்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

1905 செப்டம்பர் 12 அன்று பாலம் முறைப்படி திறந்தது. திறந்துவைத்தவர் கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஜார்ஜ் டார்வின். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினின் மகன். அந்த ஆண்டு பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம் தென் ஆப்பிரிக்காவில் நடந்தது. அதன் தலைவராக இருந்த அவரும் அங்கத்தினர்களும் ரயிலேறி அருவிக்கு வந்திருந்தார்கள். ஆளுநருக்கும் தளபதிக்கும் பதிலாக அறிவியலாளர் கூட்டம் திறப்பு விழாவுக்கு வந்தது ரோட்ஸின் கம்பெனிக்கு நல்ல விளம்பரம். அவர்கள்தான் பாலத்தின் முதல் சுற்றுலாக் கூட்டம் என்றும் சொல்லலாம். கட்டிமுடிக்க 14 மாதங்கள் ஆகியிருந்தன. பாதை 1906இல் ப்ரோக்கன் ஹில் ஈயச் சுரங்கத்தையும் 1909இல் காங்கோ எல்லையையும் எட்டியது. கெய்ரோவுக்கு அது போகவே இல்லை.

பாலம் வந்ததும் ஓல்ட் டிரிஃப்ட் காலியானது. மக்கள் சில கிலோமீட்டர் தள்ளி, மேட்டுநிலத்தில் ரயில் பாதையை ஒட்டிக் குடியேறினார்கள். அந்த ஊர்தான் லிவிங்ஸ்டன். 1911 முதல் 1935இல் லுசாகாவுக்கு மாறும் வரை இன்றைய சாம்பியாவான வடக்கு ரொடீஷியாவின் தலைநகர். தென்கரையில் 1904இலேயே ரயில்வே ஒரு ஹோட்டலைத் திறந்திருந்தது. மரமும் தகரமும் கொண்டு தற்காலிகமாகப் போட்ட கொட்டகைதான் அது. அருவியையும் பாலத்தையும் பார்க்க வந்தவர்கள் குறையாததால் சில ஆண்டுகளில் செங்கல் கட்டடமானது. விக்டோரியா ஃபால்ஸ் ஹோட்டல் இன்றும் நடக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து பார்த்தால் இடுக்கின் நடுவே பாலம் முழுதாகத் தெரியும்.

ஹோட்டலிலிருந்து பாலத்துக்கும் அருவிக்கும் நடக்கச் சிரமப்பட்டவர்களுக்காக 1920இல் குறுகிய தண்டவாளம் போட்டு டிராலி விட்டார்கள். மேலே துணிக்கூரை, பெஞ்சு இருக்கை, பின்னால் தள்ள உள்ளூர் ஆட்கள். போகும்போது சரிவு, வண்டி தானாக உருளும், தள்ளுகிறவர்கள் தொற்றிக்கொண்டு பிரேக் பிடித்தால் போதும். திரும்பும்போது வெள்ளைத் தொப்பியும் குடையுமாக உட்கார்ந்திருப்பவர்களை மேட்டில் ஏற்ற வேண்டும். சாலையில் மோட்டார் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், 1957 வரை இது நீடித்தது. அந்த டிராலிகளில் எடுத்த படங்கள் பழைய அஞ்சலட்டைகளில் ஏராளம். படத்தில் சவாரி செய்கிறவர்கள் புன்னகைக்கிறார்கள்; தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, பாலத்தின் பிழைப்பு சரக்கில் இருந்தது. வான்கி நிலக்கரி வடக்கே போனது. அது இல்லாமல் காங்கோவிலும் வடக்கு ரொடீஷியாவிலும் செம்பு உருக்க முடியாது. உருக்கிய செம்பு தெற்கே வந்து கப்பலேறியது. முதலில் பாலத்தில் இரட்டை ரயில் பாதை இருந்தது, சாலை கிடையாது. மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் அதை ரயிலில் ஏற்றித்தான் ஆற்றைக் கடந்தார்கள். 1929–30இல் பாலத்தின் தளத்தைப் பிரித்து, உயர்த்தி, அகலமாக்கி, ஒரு ரயில் பாதை, ஒரு சாலை, நடைபாதை என்று மாற்றி அமைத்தார்கள். வளைவில் கை வைக்கவில்லை. அது 1905இல் நின்ற வளைவேதான். இந்த வளைவை வடிவமைத்த சர் டக்ளஸ் ஃபாக்ஸ் நிறுவனத்தில் இளைஞராகச் சேர்ந்து பின்னாளில் அதன் தலைமைக்கு உயர்ந்த ரால்ஃப் ஃப்ரீமன், 1932இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். சிட்னிப் பாலத்தின் வளைவு 503 மீட்டர். இதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இரு பாலத்திலும் வளைவைக் கரையிலிருந்து வடத்தால் பின்னிழுத்துப் பிடித்து அந்தரத்தில் நீட்டிய உத்தி ஒன்றுதான்.

பாலம் கட்டிய நாளில் அது எந்த நாட்டு எல்லையையும் கடக்கவில்லை. இரு கரையும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். 1920களில் கம்பெனி ஆட்சி போய் வடக்கும் தெற்கும் தனித்தனி ரொடீஷியாக்கள் ஆனபோதும் ரயில்வே ஒன்றாகவே இருந்தது. 1964இல் வடக்கு ரொடீஷியா விடுதலை பெற்றுச் சாம்பியா ஆனது. மறு ஆண்டு நவம்பரில் தெற்கே இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு, பெரும்பான்மை ஆட்சியைத் தவிர்ப்பதற்காகத் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. அன்றிலிருந்து பாலத்தின் நடுவே ஓடும் கோடு ஆப்பிரிக்காவின் கசப்பான எல்லைகளில் ஒன்றாகிவிட்டது. பொது ரயில்வே 1967இல் பிரிந்தது.

1973 ஜனவரியில், தன் அரசை எதிர்த்துப் போரிடும் கெரில்லாக்களுக்குச் சாம்பியா இடம் கொடுக்கிறது என்று சொல்லி ஸ்மித் எல்லையை மூடினார். சாம்பியாவின் செம்புக்கு மட்டும் விலக்கு அளித்தார். அதில் ரொடீஷிய ரயில்வேக்கு வருமானம் இருந்தது. சாம்பிய அதிபர் கென்னத் கவுண்டா அந்தச் சலுகையைத் தொடவில்லை. சில வாரங்களில் ஸ்மித் மனம் மாறித் திறக்கிறேன் என்றபோது, கவுண்டா தம் பக்கத்தைத் திறக்க மறுத்துவிட்டார். கடலில்லாத ஒரு நாடு தன் பிரதான வாசலைத் தானே சாத்திக்கொள்வது சாதாரண முடிவல்ல. சீன உதவியுடன் டான்சானியாவுக்குப் போட்டுக்கொண்டிருந்த தாசாரா ரயில் பாதைதான் அவருடைய நம்பிக்கை. அதே ஆண்டு மே மாதம், தென்பக்கத்திலிருந்து இடுக்குக்குள் இறங்கிய சுற்றுலாப் பயணிகள்மீது வடகரையிலிருந்த சாம்பியப் படையினர் சுட்டார்கள். கனடாவைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் இறந்தார்கள்.

அப்படிப்பட்ட பாலத்தின் மேல்தான் 1975 ஆகஸ்டில் ஒரு மாநாடு நடந்தது. ஸ்மித்தின் அரசும், பெரும்பான்மை ஆட்சி கோரிய, ஆயர் ஏபல் முசொரேவா தலைமையிலான ஆப்பிரிக்க தேசிய கவுன்சிலும் பேச வேண்டும். கவுன்சில் ரொடீஷியாவில் பேச ஒப்பவில்லை. ஸ்மித் அந்நிய மண்ணில் பேச ஒப்பவில்லை. தென் ஆப்பிரிக்கப் பிரதமர் ஃபார்ஸ்டரும் கவுண்டாவும் நடுவர்களாக நின்று கண்டுபிடித்த வழி, தென் ஆப்பிரிக்க ரயில் ஒன்றைப் பாலத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்துவது. மாநாட்டுப் பெட்டிக்குள் மேசையின் நடுப்பகுதி எல்லைக்கோட்டுக்கு நேர் மேலே வரும்படி வண்டியை நிறுத்தினார்கள். ஒரு பக்கத்தார் தம் நாட்டை விட்டு நகராமலும், மறு பக்கத்தார் அந்த நாட்டுக்குள் காலடி வைக்காமலும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாடுகடந்து வாழும் தலைவர்கள் ரொடீஷியாவுக்குள் வந்து பேச அவர்களுக்குப் பாதுகாப்பு உறுதி வேண்டும் என்றது கவுன்சில்; ஸ்மித் மறுத்தார். பேச்சு ஒரு நாளுக்கு மேல் நீளவில்லை. சிக்கலை இவ்வளவு சாமர்த்தியமாக இருக்கை போட்டுத் தீர்த்தவர்களுக்கு, இருக்கையில் உட்கார்ந்த பிறகு பேசவேண்டியதைத் தீர்க்க முடியவில்லை.

தாசாரா எதிர்பார்த்த அளவு சுமை இழுக்கவில்லை. உரம் வந்து சேராமல் விதைப்புக் காலம் நெருங்கியதால் 1978 அக்டோபரில் கவுண்டா சரக்கு ரயில்களுக்கு மட்டும் பாலத்தைத் திறந்தார். போர் அப்போதும் ஓயவில்லை. எதிரி நாடுகள் இரண்டின் வண்டிகள் ஒன்றின் சரக்கை மற்றொன்று இழுத்துக்கொண்டு கோட்டைக் கடந்தன. 1980 ஏப்ரலில் ரொடீஷியா விடுதலை பெற்று ஜிம்பாப்வே ஆன பிறகே பாலம் பழைய நடமாட்டத்துக்குத் திரும்பியது.

இன்றைய பாலம் பெரும்பாலும் பயணிகளுடையது. 1989இல் அருவியும் இடுக்குகளும் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 1990களில் பாலத்தின் நடுவிலிருந்து காலில் ரப்பர் வடம் கட்டிக் குதிக்கும் விளையாட்டு தொடங்கியது. விழும் தூரம் 111 மீட்டர். 2011இன் கடைசி நாளில் ஒருவர் வடம் அறுந்து ஆற்றில் விழுந்தார். கால்கள் கட்டியிருந்த நிலையிலும் கரை சேர்ந்து உயிர் தப்பினார். அதன் பிறகும் குதிப்பவர் வரிசை குறையவில்லை. இடுப்பில் பட்டை கட்டி, வழிகாட்டியுடன் தளத்துக்கு அடியில் எஃகுச் சட்டங்களின் ஊடே நடந்துவர ஓர் ஏற்பாடும் உண்டு. ஹாப்சனின் வேலை எப்படிப்பட்டது என்பதை ரிவெட்டு ரிவெட்டாகக் கிட்டத்தில் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

பாலத்தைப் பார்க்க மட்டும் போகிறவர்கள் மறுநாட்டு விசா எடுக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் குடிவரவு அலுவலகத்தில் பாலத்துக்கு மட்டுமான சீட்டு ஒன்று தருவார்கள். அதைக் காட்டிப் போய்த் திரும்பலாம். இரு நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா வழங்கும் முறையும் 2014இல் வந்தது. காலம் பார்த்துப் போவது முக்கியம். மார்ச் முதல் மே வரை ஆறு நிறைந்து ஓடும். சாரல் நூற்றுக்கணக்கான மீட்டர் எழும்பிப் பாலத்தின் மேல் மழையாகக் கொட்டும், எதிரே இருக்கும் அருவி பல நேரம் கண்ணுக்கே தெரியாது. அக்டோபர், நவம்பரில் தண்ணீர் வற்றி சாம்பியப் பக்கச் சுவர் பெரும்பாலும் வெறும் பாறையாக நிற்கும். நடுவில், ஜூலை ஆகஸ்டில், பாலத்திலிருந்து அருவியின் கீழ்க்கோடியும் கொதிகலத்தின் சுழியும் வானவில்லும் ஒருசேரத் தெரியும். மறுபுறம் திரும்பினால் ஆறு அடுத்த முடக்கில் மறைவதையும், அடியில் நுரைக்கும் பாய்ச்சலில் ரப்பர் படகுகள் இறங்குவதையும் பார்க்கலாம்.

நடைபாதையில் நிற்பவரை வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். செம்புக் காப்பு, மரத்தில் செதுக்கிய நீர்யானை, கூடவே 2009இல் ஜிம்பாப்வே அச்சடித்த நூறு டிரில்லியன் டாலர் நோட்டு, அதாவது நம் கணக்கில் கோடி கோடி. அச்சடித்த அன்று ரொட்டிக்கே தடுமாறிய அந்தத் தாள் இன்று நினைவுப்பொருளாக நல்ல விலை போகிறது. அவர்களைத் தாண்டி, சைக்கிளில் உட்கார இடமில்லாதபடி மூட்டை அடுக்கி உருட்டிக்கொண்டு, ஒரு கரையில் மலிவாக இருப்பதை மறுகரையில் விற்கும் ஆட்கள் போய்வருகிறார்கள். சுற்றுலாக்காரர்களின் படங்களில் அவர்கள் எப்போதாவதுதான் விழுகிறார்கள். எல்லை எல்லோருக்கும் திறந்திருக்கும் நாளில் பாலத்தின் உண்மையான பயனாளிகள் அவர்கள்தான்.

நூறு வயது தாண்டிய எஃகு இன்றைய லாரிகளின் கனத்துக்குக் கணக்கிடப்பட்டதல்ல. ஆண்டில் பல மாதம் சாரலில் நனைவதால் துருவோடு ஓயாத போராட்டம் வேறு. அதனால் கனரக வண்டிகளுக்கு எடை வரம்பு உண்டு. ரயிலும் நடை வேகத்தில்தான் ஊர்ந்து கடக்கும். பாரம் ஏற்றிய லாரிகள் நெடுங்காலம் மேற்கே கசுங்குலாவில் மிதவைப் படகுக்காக நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. 2021 மே மாதம் அங்கே 923 மீட்டர் நீளத்துக்குச் சாம்பியாவையும் போட்ஸ்வானாவையும் இணைக்கும் கான்கிரீட் பாலம் திறந்தது. சாலையோடு ரயிலுக்கும் அதில் இடம் விட்டிருக்கிறார்கள். தெற்கு நோக்கிய லாரிகள் பல இப்போது அந்த வழியில் போகின்றன.